கல்லூரி வளாகத்தில் மண்புழு உரம்: புழு வருவதற்கு முந்தைய 20 நாள்

பல கல்லூரிகளில் விடுதிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, ஷீட் கூரை போட்ட ஒரு சிமென்ட் தொட்டி இருக்கும். 'மண்புழு உரக்கூடம்' என்று பச்சை பெயின்ட்டில் பலகையும் இருக்கும். எட்டிப் பார்த்தால் காய்ந்து பாளம்பாளமான சாணம், சாரிசாரியாக எறும்பு, நாலைந்து பால் பாக்கெட் மூலைகள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிற வாரத்தில் புழு வாங்கி விட்டிருப்பார்கள். அது அடுத்த மே மாதத்தைத் தாண்டியிருக்காது. பையன்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவது வழக்கம். உண்மையில் அக்கறை இருந்த இடங்களிலும் இதேதான் நடக்கிறது. புழுவைக் குப்பைத்தொட்டி என்று நினைத்ததும், கல்லூரி நாட்காட்டியைப் பார்க்காமல் ஆரம்பித்ததும்தான் கோளாறு.

மண்புழுவுக்குப் பல் கிடையாது. கத்தரிக்காய்க் காம்பைப் போட்டால் அது கடித்துத் தின்னாது. பாக்டீரியாவும் பூஞ்சையும் ஊறவைத்து, நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்த பொருளைத்தான் உறிஞ்சி விழுங்கும். அதோடு சேர்ந்து வரும் நுண்ணுயிர்களும் அதற்கு உணவு. அரைவைப்பையில் மணல் துகள் இருந்தால்தான் அரைபடும். மூச்சு விடுவது ஈரமான தோல் வழியாக. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். பச்சையாகக் கொட்டியது ஏன் சூடேறிக் கொல்கிறது, சாம்பார் சாதத்தின் உப்பு ஏன் ஆகாது, தண்ணீர் தேங்கினால் புழு ஏன் சுவரேறி ஓடுகிறது எல்லாம் இதற்குள் அடங்கும்.

எந்தப் புழு என்பது அடுத்த கேள்வி. மழைக்காலத்தில் தோட்டத்து மண்ணைக் கிளறினால் வரும் புழுவைப் பிடித்துத் தொட்டியில் விட்டால் போதுமே என்று தோன்றும். நாங்கூழ் என்று பழைய நூல்கள் சொல்லும் இந்தக் கூட்டத்தில் எல்லாம் ஒரே தொழில் செய்வதில்லை. சில மண்ணை விழுங்கி ஆழத்திலேயே வாழ்கின்றன. சில செங்குத்தாக வளை போட்டு, இரவில் மேலே வந்து சருகை உள்ளே இழுக்கின்றன. நம் ஊர் லாம்பிட்டோ மாரிட்டி இந்தப் பழக்கத்தை ஒட்டியது. உரத் தொட்டிக்கு வேண்டியது மூன்றாவது வகை, அதாவது சாணத்திலும் மட்கும் இலையிலும் மேலாகவே வாழ்ந்து மளமளவென்று பெருகும் மேல்மட்டப் புழு. தமிழ்நாட்டில் கிடைப்பவை மூன்று. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூட்ரிலஸ் யூஜீனியே பெரியது, நம் வெயிலை ஓரளவு தாங்கும், விற்பவர்கள் பெரும்பாலும் தருவது இதைத்தான். ஐசீனியா ஃபெட்டிடா உடலில் வளையம் வளையமாகக் கோடு தெரியும். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற குளிர்ந்த இடங்களுக்குப் பொருந்தும். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் நம் பகுதிக்கே உரியது, மெலிந்தது, தொட்டவுடன் துள்ளும். இதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: அடைமழை இரவில் கூட்டமாகத் தொட்டியை விட்டுக் கிளம்பிவிடும். சென்னை நியூ கல்லூரியில் பணியாற்றிய மண்ணியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவைத் தேடாமல் பெரியோனிக்ஸையும் லாம்பிட்டோவையும் சேர்த்தே வேலை வாங்கலாம் என்று பல்லாண்டுகளாகச் சொல்லியும் செய்தும் வந்தவர். தாவரவியல், விலங்கியல் துறை இருக்கும் கல்லூரி அந்த வழியில் போவது நல்லது. வளாகத்திலேயே தேடிப் பிடித்து அடையாளம் காண்பதே ஒரு பருவத்துக்கான பாடம். கழுத்துப்பட்டை போலத் தடித்திருக்கும் வளையம் தலையிலிருந்து எத்தனையாவது கணுவில் தொடங்குகிறது என்று எண்ணினாலே போதும். ஐசீனியாவுக்கு அது 24-ஐ ஒட்டித் தள்ளி இருக்கும், மற்றவற்றுக்கு 13, 14 என்று முன்பக்கமாக.

வாங்குவதாக இருந்தால் எடையைக் கவனியுங்கள். '1 கிலோ புழு' என்று வரும் பையில் பாதி சாணமாக இருப்பதுண்டு. 100 கிராம் அள்ளி, புழுவை மட்டும் பிரித்து நிறுத்துப் பாருங்கள். வளர்ந்த ஐசீனியா என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 1000 இருக்கும். யூட்ரிலஸ் பருமன் என்பதால் எண்ணிக்கை குறையும்.

இப்போது கணக்கு. எச்.டி.பி.இ. என்னும் பிளாஸ்டிக் இழையில் நெய்த, தரப்படுத்தப்பட்ட உரப்பை (இந்தியத் தர எண் ஐ.எஸ். 15907:2010) 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம். ஹாலோ பிளாக்கில் கட்டினாலும் இதே அளவு வைத்துக்கொள்வது வசதி. 4 அடிக்கு மேல் அகலம் போனால் இரு பக்கமும் நின்று கை எட்டாது. மேற்பரப்பு 48 சதுர அடி. புழு வாழ்வதும் தின்பதும் மேல் அரை அடி, முக்கால் அடியில்தான், அதனால் ஆழத்தைவிடப் பரப்புதான் முக்கியம். நன்றாகப் பெருகிய படுக்கையில் (புழு வாழும் தொட்டி அல்லது பை) சதுர அடிக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் புழு நிற்கும். மொத்தம் 20 முதல் 22 கிலோ. தோராயமாகத் தன் எடையில் பாதியை ஒரு நாளில் தின்னும் என்று வைத்தால், முழுதாய் நிறைந்த ஒரு படுக்கை நாளுக்கு 10, 11 கிலோ பாதி மட்கிய தீனியை முடிக்கும். ஆனால் ஆரம்பத்தில் நாம் விடுவது 5 கிலோ புழு. அன்றைக்கு அதன் கொள்ளளவு நாளுக்கு இரண்டரைக் கிலோதான்.

சமையலறையில் தினம் 25 கிலோ காய்கறிக் கழிவு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறப்பு விழா நாளிலேயே அந்த 25 கிலோவையும் படுக்கையில் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மேலே உள்ள எண்ணே பதில். ஐந்து கிலோ புழு முழு 20 கிலோ ஆக, கவனிப்பு நன்றாக இருந்தாலும் நாலைந்து மாதம் பிடிக்கும். முட்டைக்கூடு பொரிய இரண்டு மூன்று வாரம், குஞ்சு பருவத்துக்கு வர ஆறேழு வாரம் என்று அதற்கு ஒரு வேகம் உண்டு.

ஆகவே முதல் வேலை புழு வாங்குவதல்ல, தராசு வாங்குவது. ஏழு நாள், ஞாயிறு உட்பட, என்னென்ன எவ்வளவு விழுகிறது என்று தனித்தனியாக நிறுக்க வேண்டும்: வெட்டும்போது விழும் காய்கறிக் கழிவு, தட்டில் மீந்த சாப்பாடு, சருகு, டீத்தூள். ஏழு நாள் வேண்டியதற்குக் காரணம் உண்டு. வாழைப்பூப் பொரியல் செய்யும் நாளும் உருளைக்கிழங்கு வறுவல் செய்யும் நாளும் ஒன்றல்ல; வெள்ளிக்கிழமை மாலை பாதி விடுதி ஊருக்குப் போய்விடும். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் இடங்களைப் பெருங்கழிவு உருவாக்குவோர் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. ஆயிரம் பேர் தங்கும் விடுதி அதைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த 100 கிலோவில் பெரும்பங்கு எது என்று நிறுத்தால் பல இடங்களில் கசப்பான விடை வரும்: மீந்த சோறு. அதுதான் புழுவுக்கு ஆகாதது.

சோற்றில் மாவுச்சத்து மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். அதோடு உப்பு, புளி, எண்ணெய், மிளகாய் எல்லாம் கலந்திருக்கிறது. ஒரே இரவில் புளித்து அமிலமாகும், கட்டியாகி உள்ளே காற்றை அடைக்கும், மேலே ஈ மொய்க்கும். உப்பு எங்கும் போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அது மட்டும் தொட்டியில் ஏறிக்கொண்டே போகும். மீந்த சோற்றுக்குச் சாண எரிவாயுக் கலன்தான் சரியான இடம். அதிலிருந்து வெளிவரும் கரைசலைச் சருகோடு கலந்து ஆறவைத்தால் சாணத்துக்குப் பதிலாகப் புழுத் தீனி ஆகிவிடும். இரண்டும் இருக்கிற வளாகத்துக்குச் சாணம் வெளியில் வாங்கும் தேவை பெருமளவு குறையும். கலன் இல்லையென்றால் சோற்றை வேறு வழியில் அனுப்புங்கள். புழுப் படுக்கையின் தலையில் கட்ட வேண்டாம்.

படுக்கைக்கு ஏற்றவை: கீரைத் தண்டு, முட்டைக்கோஸ் மேலிலை, கேரட் தோல், வாழைத்தோல், வாழைப்பூ மடல் நறுக்கியது, பால் சேராத டீத்தூள், பொடித்த முட்டை ஓடு. வெங்காயத் தோல், எலுமிச்சைத் தோல், பச்சைமிளகாய் எல்லாம் கொஞ்சம் போனால் பாதகமில்லை. ஜூஸ் கடைச் சாத்துக்குடித் தோல் கூடைகூடையாக வந்தால் தனியாக மட்கவிட வேண்டும். தேங்காய் மட்டையும் முருங்கைக் குச்சியும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தரம் பிரிக்கும்போது கண்ணில் படாமல் போவது பிளாஸ்டிக் பை அல்ல. பால் பாக்கெட்டை வெட்டும்போது விழும் சுண்டுவிரல் நக அளவு மூலை. சமையல்காரர் அதைக் கீரைக் கட்டின் ரப்பர் பேண்டோடு சேர்த்தே கூடையில் தள்ளுவார். மூன்று மாதம் கழித்துச் சல்லடையில் அது பளபளவென்று வந்து நிற்கும். பாக்கெட்டை முழுதாக வெட்டாமல் மூலை ஒட்டிக்கொண்டே இருக்கும்படி கீறச் சொல்வதுதான் இதற்கு வழி. பத்து நோட்டீஸ் ஒட்டுவதைவிடச் சமையல் மாஸ்டரிடம் நேரில் ஒருமுறை போய்ச் சொல்வது பலன் தரும். அப்படியே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: காய்கறிக் கூடையைப் பினாயில் தண்ணீரிலோ பிளீச்சிங் பவுடரிலோ அலசக் கூடாது.

வளாகத்துச் சருகுதான் இந்தத் திட்டத்தின் உண்மையான சொத்து. தூங்குமூஞ்சி, புங்கம், கொன்றை இலை சீக்கிரம் மட்கும். நெட்டிலிங்கம், மா, முந்திரி இலை மெழுகுப் பூச்சும் துவர்ப்பும் கொண்டவை. நறுக்காமல் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தாள் கட்டு மாதிரி ஆகிவிடும். தைலமர இலையைத் தவிர்ப்பது நலம். வேப்பிலை கொஞ்சம் கலந்தால் குற்றமில்லை, அதுவே பெரும்பங்காக இருந்தால் புழு ஒதுங்கும்.

எதை எவ்வளவு கலப்பது? '30-க்கு 1' என்று கரி (கார்பன்), தழைச்சத்து (நைட்ரஜன்) விகிதத்தைப் பாடத்தில் படிக்கிறோம். அதைக் கிலோவாக மாற்றும் இடத்தில்தான் தடுமாற்றம். 25 கிலோ காய்கறிக் கழிவில் முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர். உலர்ந்த பொருள் 3 கிலோதான். அதில் கரி சுமார் 1.2 கிலோ, தழைச்சத்து 80 கிராம். 10 கிலோ சருகில் உலர்ந்த பொருள் 9 கிலோ. கரி 4 கிலோவுக்குச் சற்று மேல், தழைச்சத்து அதே 80 கிராம். 8 கிலோ சாணத்தில் உலர்ந்தது 1.6 கிலோ, கரி 640 கிராம், தழைச்சத்து 30 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கூட்டினால் கரி 5.9 கிலோ, தழைச்சத்து 190 கிராம், விகிதம் 31. பார்வைக்கு மலைபோல் இருக்கும் 25 கிலோ காய்கறியைவிட ஒரு சாக்குச் சருகு மூன்று மடங்குக்கு மேல் கரி தருகிறது. மொத்தம் 43 கிலோவில் தண்ணீர் 29 கிலோ, அதாவது 68 விழுக்காடு. ஆகவே இந்தக் கலவைக்குத் தனியாகத் தண்ணீரே தேவையில்லை. சருகு இல்லாமல் காய்கறியை மட்டும் குவித்த இடங்களில் ஏன் கறுப்புத் தண்ணீர் ஓடி நாறுகிறது என்பதற்கும் இந்த ஒரு கணக்கே போதும்.

இந்தக் கலவை நேராகப் படுக்கைக்குப் போகக் கூடாது. மூன்று தடுப்புகள் கட்டி, ஒவ்வொன்றையும் ஒரு வாரத்துக்கு என்று ஒதுக்கி, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவியுங்கள். தென்னங்கீற்றால் மூடுங்கள். இரண்டு மூன்று நாளில் உள்சூடு 50, 55 பாகைக்கு ஏறும். கையை உள்ளே விட்டால் வைத்திருக்க முடியாது. களை விதை, ஈ முட்டை எல்லாம் அந்தச் சூட்டில் சாகும். புழுவை அதில் விட்டிருந்தால் அதுவும் செத்திருக்கும். 35 பாகைக்கு மேல் இந்தப் புழுக்களுக்கு வாழ்வில்லை. ஐந்து நாளுக்கு ஒருமுறை புரட்டி, 20 நாளில் சூடு இறங்கி, காய்கறியின் வடிவம் கரைந்து, இலை நரம்பு மட்டும் தெரியும் நிலைக்கு வரும். அப்போது எடை ஏறத்தாழ 60 விழுக்காடாகச் சுருங்கியிருக்கும். தினம் 43 கிலோ கலவை 26 கிலோ தீனி ஆகிறது என்றால், நிறைந்த படுக்கை மூன்று வேண்டும். ஒன்றில் தொடங்கி, அதன் புழுவைக் கொண்டே மற்ற இரண்டையும் நிரப்பிக்கொள்ளலாம். அதுவரை மிஞ்சுவது சாதாரணக் குவியல் உரமாகவே போகட்டும். சருகு அதிகமுள்ள வளாகங்களில் பெரும்பங்கு குவியல் உரமாகவும் சிறுபங்கு புழு உரமாகவும் போவதே யதார்த்தம். இதை ஒப்புக்கொள்ளாமல் எல்லாவற்றையும் புழுவே தின்னும் என்று அறிக்கை எழுதுவது வீண்.

சாணத்தில் ஒரு எச்சரிக்கை. பத்துப் பதினைந்து நாள் ஆறிய சாணம்தான் வேண்டும். பச்சைச் சாணம் சூடேறும், அமோனியா நெடியும் அடிக்கும். மாட்டுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருந்தால் சில வாரங்களுக்கு அந்தச் சாணத்தைத் தொட வேண்டாம். பால்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார், யாரும் கேட்பதில்லை.

படுக்கை அமைக்கும் இடம் நிழலாக, மேடாக, குழாய் அருகில் இருக்க வேண்டும். ஷீட் கூரை மட்டும் போட்டால் ஏப்ரலில் கீழே அடுப்பாகிவிடும்; மேலே கீற்று வேய வேண்டும். தரையில் சற்றுச் சரிவு, தாழ்ந்த முனையில் வடிகுழாய். அடியில் இரண்டு அங்குலம் உடைத்த செங்கல், அதன்மேல் ஒரு அங்குலம் மணல், அதன்மேல் நனைத்த தென்னை நார் மூன்று அங்குலம், பிறகு தீனி நான்கு அங்குலம். சுற்றிலும் நாலு அங்குல அகலத்தில் தண்ணீர் வாய்க்கால் ஓட்டினால் எறும்பு வராது. வாரம் ஒருமுறை தண்ணீரை இறைத்துவிடாவிட்டால் கொசு வரும்.

புழுவை விடுவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது, செலவில்லாதது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தீனியை இரண்டு பிடி போட்டு, மேலே பத்துப் புழுவை வையுங்கள். கால் மணி நேரத்துக்குள் எல்லாம் உள்ளே நுழைந்துவிட வேண்டும். மறுநாள் கொட்டி எண்ணினால் பத்தும் உயிரோடு இருக்க வேண்டும். மேலேயே நெளிந்துகொண்டிருந்தாலோ, டப்பா ஓரமாக ஏறினாலோ, தீனி இன்னும் ஆறவில்லை. இன்னும் ஐந்து நாள் பொறுங்கள். பத்துப் புழு போனால் போகட்டும், ஐந்து கிலோ மிஞ்சும். இடம் மாறிய முதல் இரண்டு இரவுகளில் புழு வெளியேறப் பார்க்கும். ஒரு சின்ன பல்பை எரியவிட்டால் வெளிச்சத்துக்கு அஞ்சி உள்ளேயே இருக்கும்.

பிறகு வேலை எளிது. வாரம் ஒருமுறை இரண்டு அங்குலம் தீனி, மேலே ஈரச் சாக்கு. தண்ணீர் தினமும் ஊற்ற வேண்டும் என்பது விதியல்ல. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். விடுதி ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர் வீணாகிறதே என்று அதைப் படுக்கைக்குத் திருப்பும் யோசனை எல்லா வளாகத்திலும் யாராவது ஒருவருக்கு வரும். அது உப்பைத் திரட்டிய தண்ணீர். கழிவறைக்கும் தரை கழுவவும் சரி, படுக்கைக்கு விஷம்.

கோளாறு வந்தால் மூக்கு முதலில் சொல்லும். அழுகிய முட்டை வாடை என்றால் தண்ணீர் தேங்கிக் காற்று போகவில்லை. முள்கரண்டியால் மெதுவாகக் கிளறி உலர்ந்த சருகோ கிழித்த அட்டைப்பெட்டியோ சேர்க்க வேண்டும். மூக்கைச் சுருக்கும் அமோனியா என்றால் சாணமோ கீரையோ அதிகம், அல்லது ஆறவில்லை. புளித்த வாடையும் சின்னச் சின்னப் பழ ஈக்களும் என்றால் யாரோ சாதம் அல்லது பழக்கூழ் கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதியை அள்ளி எடுத்துவிட்டு முட்டை ஓட்டுப் பொடி தூவுங்கள். சுண்ணாம்பை அள்ளிப் போடாதீர்கள். புழுவின் உடல் மணி கோத்தது போல அங்கங்கே வீங்கி இறுகியிருந்தால், பருப்பு, மாவு போன்ற செறிவான தீனி அதிகமாகிப் புளித்து வயிற்றைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். தீனியை நிறுத்திக் காற்றோட்டம் கொடுப்பதுதான் செய்யக்கூடியது. பெரும்பாலும் தாமதமாகவே தெரியவரும்.

எறும்பு ஏறியிருந்தால் படுக்கை காய்ந்திருக்கிறது. வாய்க்காலை நிரப்புங்கள், மஞ்சள்தூளைச் சுற்றுச்சுவருக்கு வெளியே தூவலாம், உள்ளே வேண்டாம். பெருச்சாளியும் கீரியும் காக்கையும் கோழிவலை போட்டால் நிற்கும். கொழுத்த சாம்பல் நிறப் புழுக்கள் திமுதிமுவென்று நெளிந்தால் பதறாதீர்கள், அவை கறுப்புப் படை ஈயின் குஞ்சுகள். மண்புழுவைத் தின்னாது, ஆனால் ஈரமும் பச்சைக் கழிவும் மிகுதி என்பதற்கு அடையாளம். தலை சம்மட்டி மாதிரி விரிந்த தட்டைப் புழு மட்டும் உண்மையான எதிரி. மண்புழுவைச் சுற்றிக்கொண்டு கரைத்து உறிஞ்சும். கண்டால் எடுத்து உப்புத் தண்ணீரில் போட வேண்டும். இரண்டாக வெட்டினால் இரண்டாகிவிடும்.

அறுவடைக்கு நாலைந்து நாள் முன்பு தண்ணீரை நிறுத்துங்கள். மேல்பகுதி உலர உலரப் புழு கீழே இறங்கும். தேயிலைத்தூள் போல் உருண்டு உதிரும் மேல் உரத்தைக் கையால் வழித்துத் தார்ப்பாயில் கூம்பு கூம்பாகக் குவியுங்கள், மண்வெட்டி வேண்டாம். வெளிச்சம் பட்டால் மிச்சப் புழுவும் கூம்பின் அடிக்குப் போகும். வெளிப்புறத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுத்து 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் முடிந்தது. சலித்ததிலும் எலுமிச்சை விதையைப் போன்ற மஞ்சள் முட்டைக்கூடுகள் இருக்கும். மூன்று வாரம் ஈரமாக வைத்து, நடுவில் ஒரு சாண உருண்டையைப் புதைத்தால் பொரிந்த குஞ்சுகள் அதில் வந்து சேரும். தீனியின் எடையில் 40 முதல் 50 விழுக்காடு உரம் கிடைப்பது இயல்பு. மூட்டை கட்டி விற்க நினைத்தால் 1985-ன் உரக் கட்டுப்பாட்டு ஆணை குறுக்கே வரும்: ஈரம் 15 முதல் 25 விழுக்காடு, அங்ககக் கரி குறைந்தது 18, தழைச்சத்து குறைந்தது 1. வளாகத் தோட்டத்துக்கே போட்டுக்கொள்வது தலைவலி இல்லாத வழி. தொட்டிச் செடிக்கு மூன்று நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு போதும்.

படுக்கையின் வடிகுழாயில் சொட்டும் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து 'மண்புழுக் குளியல் நீர்' என்று கண்காட்சியில் வைப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது வேறு, இது வேறு. வடிகுழாயில் தண்ணீர் வருகிறது என்றால் அளவுக்கு மீறி ஊற்றியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம். பாதி அழுகிய கழிவின் சாறு அது. குளியல் நீருக்குத் தனி அமைப்பு உண்டு: 200 லிட்டர் டிரம், அடியில் குழாய், ஒரு சாண் செங்கல் ஜல்லி, அதன்மேல் ஒரு சாண் மணல், அதற்குமேல் ஓரடி வண்டல் மண், அதில் மேல்மட்டப் புழுவும் மண்ணில் வளை போடும் புழுவும் ஐம்பது ஐம்பது, மேலே சாணமும் வைக்கோலும். இரண்டு மூன்று வாரம் ஈரமாக வைத்துப் பழக்கியபின், மேலே கட்டிய பானையில் 5 லிட்டர் நீரை இரவெல்லாம் சொட்டவிட்டுக் காலையில் குழாயில் பிடிப்பது. வளைகளின் வழியே வடிந்து வரும் அந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து இலையில் தெளிக்கலாம்.

பாடமாக இது எங்கே நுழைகிறது? போஸ்டர் போட்டியில் அல்ல. ஒரு பிடி உரத்தை 105 பாகை அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி ஈரம் கண்டுபிடிப்பது, போட்ட தீனிக்கும் எடுத்த உரத்துக்கும் எடைக் கணக்கு போட்டு மிச்சம் காற்றில் கரியமில வாயுவாகப் போனதை ஊகிப்பது, மேற்சொன்ன விகிதக் கணக்கை எக்செல்லில் வைத்து வாராவாரம் சரிபார்ப்பது என்று வேதியியல் மாணவருக்கு வேலை இருக்கிறது. மணலில் 0, 10, 20, 40 விழுக்காடு உரம் கலந்து தண்டுக்கீரையோ வெந்தயமோ விதைத்தால் பத்து நாளில் முடிவு தெரியும். பெரும்பாலும் 40-ல் வளர்ச்சி கூடாது, சில சமயம் குறையும். 'எவ்வளவு போட்டாலும் நல்லது' என்ற நம்பிக்கை அங்கேயே உடையும். முளைப்பே மந்தமாக இருந்தால் உரம் முதிரவில்லை அல்லது உப்பு ஏறியிருக்கிறது. விலங்கியலுக்கு டார்வினே முன்மாதிரி. 1881-ல் வெளியான அவருடைய மண்புழு ஆய்வுக்குப் பெரிய கருவி எதுவும் இல்லை; வீட்டில் மண்சட்டியில் புழு வளர்த்து, பியானோ சத்தத்துக்கு அவை அசையவில்லை, சட்டியைப் பியானோ மேல் வைத்துக் கட்டையை அழுத்தினால் அதிர்வுக்கு உள்ளே பாய்கின்றன என்று பார்த்து எழுதினார். நான்கு வகை இலையை நான்கு மூலையில் வைத்து, மறுநாள் எந்த மூலையில் எத்தனை புழு என்று எண்ணுவதை எந்த முதலாண்டு மாணவரும் செய்துவிடலாம். நெட்டிலிங்கம் மூலை எப்போதும் காலியாக இருக்கிறதா என்பது அந்த வளாகத்துக்கே பயன்படும் தகவல்.

கடைசியில் நாட்காட்டி. ஜூன் இறுதியில் கல்லூரி திறந்ததும் ஒரு வாரம் நிறுப்பது, ஜூலையில் குவியல், ஆகஸ்ட் முதல் வாரத்தில் புழு. வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் தொடக்கத்தில், சுற்றிலும் சாரல் தடுக்கும் படுதா. முதல் அறுவடை நவம்பரில், இரண்டாவது மார்ச்சில். மூன்றாமாண்டு மாணவர்கள் ஏப்ரலில் போய்விடுவார்கள் என்பதால் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் ஜனவரியிலேயே பதிவேடு கை மாற வேண்டும். தேதி, போட்ட தீனி, உள்சூடு, ஈரம், வாடை, எடுத்த உரம் என்று ஆறு கட்டம் போட்ட நீள நோட்டு போதும்.

மே மாதத்துக்கு எல்லாப் படுக்கையையும் காப்பாற்ற முயல வேண்டாம். மார்ச் அறுவடையோடு இரண்டைக் காலி செய்து, புழுவை ஒரே தாய்ப் படுக்கையில் சேர்த்து, மர நிழலில் அரையடி தீனியும் அதன்மேல் அரையடி சருகும் இரட்டைச் சாக்கும் போடுங்கள். ஈரம் இருந்தால் புதுத் தீனி இல்லாமல் மூன்று நான்கு வாரம் புழு தாங்கும், தண்ணீர் இல்லாமல் நாலு நாள் தாங்காது. விடுமுறையிலும் வளாகத்தில் இருப்பவர் தோட்டக்காரரும் இரவுக் காவலாளியும்தான். அவர்கள் பெயர் திட்ட அறிக்கையில் வராது. மாலையில் ஒரு பூவாளி தண்ணீர் தெளிப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. விடுமுறையின் ஆறு வாரத்துக்கு அவர்களுக்குத் தனியாக ஒரு தொகையைத் திட்டச் செலவிலேயே, புழு வாங்கும் வரிக்கு மேலே, எழுதிவையுங்கள்.